இரண்டாவதாக ஆடும்போது காயினை எப்போது போடுவது?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே வீட்டில் தூனி என்ற சீட்டாட்டம் ஆடிப் பழக்கம். இப்போது போனில் ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டை ஆடுகிறேன். இரண்டாவது ஆளாக வந்தாலே தோற்றுவிடுகிறேன். கூடுதலாகத் தரும் காயின் பல ஆட்டங்களில் கையிலேயே தங்கிவிடுகிறது. அதை எப்போது போட வேண்டும்?

பதில்: தூனிப் பழக்கத்தை ஒரு விஷயத்தில் ஓரமாக வையுங்கள். தூனியில் பிடியை (ஒரு சுற்றுச் சீட்டுகளை) எடுத்தவர்தான் அடுத்த சீட்டை இறக்குவார். கையில் நல்ல ஜாக்கி (J, தூனியில் பெரிய சீட்டு) இருந்தால் முறையை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ஹார்த்ஸ்டோனில் அந்த வழி கிடையாது. யார் முதல் என்பது தொடக்கத்திலேயே முடிவாகி, கடைசிவரை அப்படியேதான் ஓடும்.

முதலில் ஆடுபவருக்கு என்ன லாபம்? முதல் டர்னில் 1 மானா (சீட்டு போடச் செலவாகும் சக்தி), அடுத்ததில் 2 என்று 10 வரை ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் அவர் உங்களுக்கு முன்னால் கால் வைக்கிறார். சாதாரண மினியன் (களத்தில் நின்று அடிக்கும் சீட்டு) இறக்கிய டர்னிலேயே அடிக்காது என்பதால், முதலில் இறக்கியவருக்குத்தான் எதை அடிப்பது என்ற தேர்வும் முதலில் கிடைக்கும். இதற்கு ஈடாகத்தான் அவருக்கு 3 சீட்டு, உங்களுக்கு 4 சீட்டும் ஒரு காயினும். காயினைப் போட மானா வேண்டாம். போட்ட டர்னுக்கு மட்டும் 1 மானா கூடும், அவ்வளவுதான்.

அதனால் ‘இப்போது போடலாமா’ என்று அந்த டர்னை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் மூன்று நான்கு டர்னையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கையில் 2 மானா சீட்டு இரண்டும், 3 மானா சீட்டு ஒன்றும், 5 மானா சீட்டு ஒன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் டர்னிலேயே காயினைப் போட்டு ஒரு 2 மானா மினியனை இறக்குங்கள். அடுத்த டர்னில் இன்னொரு 2, மூன்றாவதில் 3. காயினோடு சேர்த்து மூன்று டர்னில் கிடைத்த 7 மானாவும் செலவாகிவிட்டது, ஒன்றுகூட வீணில்லை.

அதே கையில் 2 மானா சீட்டு ஒன்று, 3 மானா சீட்டு இரண்டு என்றால் கதை வேறு. முதல் டர்னில் அவசரப்பட்டால் இரண்டாவது டர்னில் போட ஏற்ற சீட்டு இருக்காது. ஹீரோ பவரை (சீட்டு இல்லாமலே பயன்படுத்தும் ஹீரோவின் திறமையை) அழுத்திவிட்டு உட்கார வேண்டியதுதான். முதல் டர்னைச் சும்மா விட்டுவிட்டு, இரண்டாவதில் காயினோடு ஒரு 3, மூன்றாவதில் இன்னொரு 3 என்று போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எதிராளி மெதுவாக ஆடும் டெக் (சீட்டுக்கட்டு) வைத்திருந்தால் 2, 3 என்று வரிசையாக இறக்கி, நான்காவது டர்னில் காயினோடு 5 மானா சீட்டைப் போடுவதும் நல்ல வழி.

காயினைத் தேக்கி வைப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. ரோக் (ஒரு ஹீரோ வகை) ஆடுகிறீர்களா? அதே டர்னில் முன்னால் வேறொரு சீட்டு போட்டிருந்தால்தான் காம்போ (ரோக் சீட்டுகளில் உள்ள கூடுதல் பலன்) வேலை செய்யும். காயினும் ஒரு சீட்டுதான். அது ஸ்பெல் (மந்திரச் சீட்டு) கணக்கிலும் சேரும் என்பதால், ஸ்பெல் போடும்போது பலம் கூடும் மினியன்கள் உள்ள டெக்கில் காத்திருப்பது வீண் போகாது. இப்படி எதுவும் இல்லாமல் ‘பிறகு உதவும்’ என்று வைத்திருந்தால், 8 மானா வந்த பிறகு அந்த 1 மானாவுக்குப் பெரிய மதிப்பு இல்லை. கையில் 10 சீட்டுக்கு மேல் நிற்காது என்பதால் ஓர் இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம், தொடக்கச் சீட்டுகளை மாற்றும் நேரம். நீங்கள் முதலா இரண்டாவதா என்று அதற்குள் தெரிந்துவிடும். முதலில் ஆடினால் 4 மானாவும் அதற்கு மேலும் உள்ள சீட்டுகளைப் பெரும்பாலும் திருப்பிவிடுங்கள். இரண்டாவது என்றால், குறைந்தது இரண்டு சிறிய சீட்டுகள் கையில் இருக்கும்போது ஒரு 4 மானா சீட்டைத் துணிந்து வைத்துக்கொள்ளலாம்.