முதலில் மாதம், பிறகு கரை, அப்புறம்தான் அறை: தீவுப் பயணக் கேள்வி பதில்

கடற்கரைக்கும் தீவுக்கும் விடுமுறை கிளம்புகிறவர்கள் கேட்டவை இவை. ஏறக்குறைய எல்லோருமே ஓட்டல் பெயரில்தான் ஆரம்பிக்கிறீர்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அக்கா, பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. தாய்லாந்தில் புக்கெட்டா, இலங்கையில் பென்டோட்டாவா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம். இரண்டிலும் நல்ல ஓட்டல் சொன்னால் உடனே புக் செய்துவிடுவோம்.

அவசரப்படாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டுமே மே மாதத்துக்குத் தப்பான பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று கிளம்புகிற நேரம் அது. புக்கெட்டின் பட்டோங், கட்டா, கரோன் மூன்றும் மேற்கு பார்த்த கரைகள், காற்று நேராக வந்து அங்கேதான் மோதும். மழைகூடப் பரவாயில்லை, கொட்டிவிட்டுப் போய்விடும். அலைதான் தொல்லை. கரையில் சிவப்புக் கொடி நட்டுவிட்டால் கால் நனைப்பதோடு சரி. பென்டோட்டா, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ வரிசையும் அப்படியே. டிசம்பரிலிருந்து மார்ச் வரை சமர்த்தாக இருக்கிற கடல், மே முடிவதற்குள் முரட்டுத்தனம் காட்ட ஆரம்பித்துவிடும்.

அதற்காக நாட்டை மாற்ற வேண்டாம், பக்கத்தை மாற்றினால் போதும். இலங்கையின் கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா. பிள்ளைகள் இருப்பதால் என் ஓட்டு பாசிக்குடாவுக்கு. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத குடா அது. ஒரே சிரமம், விமான நிலையத்திலிருந்து சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம் ஆகும். தாய்லாந்து என்றால் புக்கெட்டை விட்டுவிட்டு வளைகுடாப் பக்கம் கோ சாமுய் போங்கள். நடுவில் இருக்கிற மலைத்தொடர் அந்த மழையில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது.

இதையே நவம்பரில் கேட்டிருந்தால் அப்படியே தலைகீழாகச் சொல்லியிருப்பேன். சாமுயில் அதிக மழை கொட்டுகிற மாதம் அது. மலேசியாவின் பெர்ஹென்தியான், ரெடாங் தீவுகளிலோ வடகிழக்குப் பருவக்காற்றுக்குப் பயந்து பெரும்பாலான விடுதிகள் பூட்டியே கிடக்கும்.

கேள்வி: அந்தமானில் ஹேவ்லாக் தீவில் மூன்று இரவு. ராதாநகர் பக்கம் தங்குவதா, விஜயநகர் பக்கம் தங்குவதா? இரண்டிலும் "பீச் ரிசார்ட்" என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. முதல் தடவை போனபோது கிழக்குப் பக்கம், கரையை ஒட்டிய குடில் ஒன்றை எடுத்தேன். படத்தில் கடல் வாசற்படி வரை வந்திருந்தது. நான் போய் இறங்கிய பிற்பகலில் கடலைக் காணோம். சேறும் பாறையும் செத்த பவளத் துண்டுமாக ஒரு வெளி, அதற்கு அப்பால் எங்கோ ஒரு நீலக் கோடு. நண்டுகள் நடமாடிக்கொண்டிருந்தன. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அசடு வழிய நின்றேன். விடுதிக்காரரைக் குறை சொல்ல முடியாது. படம் எடுத்தது ஏற்றத்தில், அதாவது கடல்நீர் கரைவரை ஏறி நிற்கும்போது. நான் வந்தது வற்றத்தில், அது வடிந்து கிடக்கும்போது.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் மிக அதிகம். போகிற தேதிக்கு அந்த இடத்தின் ஓத அட்டவணையை (டைட் டேபிள்) இணையத்தில் பார்த்துவிடுங்கள். காலை பத்து மணிக்கு ஏற்றம் இருந்தால் விஜயநகர் பக்கம் சொர்க்கம். அதே நேரத்தில் வற்றம் என்றால் குளிக்க வேறு கரைக்குத்தான் வண்டி பிடிக்க வேண்டும்.

ராதாநகர் மேற்குப் பார்த்த மணல் கரை, வற்றத்திலும் இறங்கலாம், சூரிய அஸ்தமனமும் அங்கேதான். ஆனால் அந்தப் பக்கம் தங்குமிடங்கள் குறைவு. விடுதிகள், டைவிங் கடைகள், படகுத் துறை எல்லாம் கிழக்கிலும் வடக்கிலும் குவிந்திருக்கின்றன. மூன்று இரவுதான் என்றால் கிழக்கே தங்கி, ராதாநகருக்கு ஒரு பிற்பகல் போய்வருவது நடைமுறைக்கு ஒத்துவரும். தீவு ரொம்பக் கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்கு நிதானமாகக் கிளம்பிப் போய் இருட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று: பலகைகளிலும் டிக்கெட்டிலும் ஸ்வராஜ் தீவு என்று இருந்தால் குழம்பாதீர்கள். 2018-இல் ஹேவ்லாக்குக்கு வைத்த புதுப் பெயர் அது. நீல் தீவு இப்போது ஷஹீத் தீவு.

கேள்வி: மாலத்தீவில் தண்ணீர் மேல் நிற்கும் வில்லாவில் தங்க மனைவிக்கு ஆசை. குழந்தைக்கு இரண்டு வயது. சமாளிக்கலாமா?

வேண்டாம். உங்கள் மனைவி என்னைத் திட்டினாலும் சரி. நிறைய வில்லாக்களில் முற்றத்துக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது. நேராகப் படி இறங்கினால் கடல்தான். குழந்தை தூங்குகிற நேரம் தவிர ஒருவர் அதன் பின்னாலேயே இருக்க வேண்டும். இந்த வயதுக் குழந்தைகளைத் தண்ணீர் வில்லாவில் அனுமதிக்காத ரிசார்ட்டுகளும் இருக்கின்றன, பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். மணல் மீதிருக்கும் பீச் வில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் ஆழமில்லாத காயல் பக்கமாக. ஐந்து வருடம் கழித்து அந்த ஆசையை நிறைவேற்றலாம்.

கேள்வி: மேடம், ரிசார்ட்டுக்கெல்லாம் வசதி இல்லை. மாலத்தீவில் உள்ளூர்த் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறதாமே, நன்றாக இருக்குமா?

தாராளமாகப் போகலாம். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் பெருகியது 2009-க்குப் பிறகுதான். அதற்கு முன்பு அந்தக் கடல் பணக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்தது.

ஆனால் நீங்கள் போவது இன்னொருவர் ஊருக்கு. மது கிடையாது, பையில் வைத்து நாட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது. நீச்சல் உடையில் குளிக்க என்று கரையில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கியிருப்பார்கள், "பிகினி பீச்" என்றே பெயர். மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அதனால் ஒரு தீவைத் தேர்ந்தெடுக்கும்போது விடுதியின் அறையைவிட அந்த ஒதுக்கிய கரை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சில தீவுகளில் அது ஒரு கைக்குட்டை அளவுதான், முப்பது நாற்பது பேர் வந்தாலே சந்தை.

மாஃபுஷி எல்லோரும் போகிற இடம்: தலைநகருக்குப் பக்கம், விடுதி நிறைய, கூட்டமும் நிறைய. அமைதி வேண்டுமென்றால் தெற்கு அரி அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத் தீவுக் கூட்டம்) திகுரா. நீண்டு ஒல்லியான தீவு, முனையில் மணல் திட்டு, சுற்றுவட்டாரக் கடலில் திமிங்கலச் சுறா தென்படும். அலைச்சறுக்குக்காரர்களுக்கு துலுஸ்தூ.

ரிசார்ட் தீவானாலும் உள்ளூர்த் தீவானாலும் விமானம் வந்து சேரும் நேரம் முக்கியம். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். அதில் போக வேண்டியவர்கள் பிற்பகல் மூன்றரைக்கு மேல் வந்து இறங்கினால் அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே படுக்க வேண்டியதுதான். ரிசார்ட் அறைக்குக் கொடுத்த ஓர் இரவுப் பணம் அதோடு போச்சு.

கேள்வி: "சீ வியூ" என்று வாங்கிய அறையில் கழிவறை ஜன்னல் வழியாகத்தான் கடல் தெரிந்தது. அடுத்த தடவை ஏமாறாமல் இருக்க?

"பீச் ஃபிரன்ட்" என்றால் கட்டடத்துக்கும் மணலுக்கும் நடுவில் எதுவும் இல்லை என்று அர்த்தம். அப்படித்தான் இருக்க வேண்டும். "சீ வியூ" என்றால் எங்கிருந்தோ தெரியும். "பார்ஷியல்" என்று முன்னால் சேர்த்தால் கழுத்தைத் திருப்ப வேண்டும். "கடலிலிருந்து ஐந்து நிமிடம்" என்றால் நடந்தா வண்டியிலா என்று கேளுங்கள். அப்புறம் படத்தை நம்பாமல் மேலேயிருந்து பாருங்கள், அடுத்த கேள்விக்கு அதுதான் பதில்.

கேள்வி: நீச்சல் சுமாராகத் தெரியும். கரையிலிருந்தே இறங்கி மீன் பார்க்க ஆசை, படகெல்லாம் ஏற மாட்டேன். எப்படிப்பட்ட இடம் தேடுவது?

கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து விடுதியின் கரையைப் பெரிதாக்குங்கள். வெளிர் பச்சை கலந்த நீலம் என்றால் அடியில் மணல், ஆழமில்லை. குளிக்க அருமை, மீன் அதிகம் இருக்காது. பழுப்புத் திட்டுகள் கடல்புல்லாகவும் இருக்கலாம், பவளமாகவும் இருக்கலாம். நிறம் சட்டென்று கருநீலத்துக்கு மாறுகிற விளிம்புதான் உங்களுக்கு வேண்டியது, பவளப்பாறை அங்கே செங்குத்தாக இறங்குகிறது. மீன் கூட்டம் அந்தச் சுவரில். கரைக்கும் அந்த விளிம்புக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். 50 மீட்டர் என்றால் உங்களுக்குச் சரி. 400 மீட்டர் என்றால் படகு இல்லாமல் முடியாது.

கரைக்கு இணையாக வெள்ளை நுரைக் கோடு தெரிந்தால் நல்லது. அலை அங்கேயே உடைந்துவிடுகிறது, உள்ளே அமைதி. அந்தக் கோட்டில் ஓர் இடத்தில் மட்டும் நுரை அறுந்து கருத்திருந்தால் அது வாய்க்கால். உள்ளே வந்த தண்ணீரெல்லாம் அது வழியாகத்தான் வெளியேறும், ஆளையும் சேர்த்து இழுக்கும். அதன் பக்கம் போகவே போகாதீர்கள். சுமாரான நீச்சல்காரர் மிதவைச் சட்டை போட்டுக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

அதே படத்தில் விடுதிக்கும் கரைக்கும் நடுவே சாலை ஓடுகிறதா, பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா, விமான ஓடுபாதை எவ்வளவு கிட்டே என்பதும் இலவசமாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: பாலியில் ஆறு நாள். உபுத்தில் தங்கிக்கொண்டு தினமும் கடற்கரை போய்வரலாமா?

உபுத் மலையடிவார ஊர், வயலும் கோவிலும்தான். கடலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம், போக்குவரத்து நெரிசலில் இன்னும் கூட. மூன்று நாள் உபுத், மூன்று நாள் கரை என்று பிரித்துவிடுங்கள். கரையிலும் கூட்டா, செமின்யாக் அலையடிக்கிற மேற்குப் பக்கம், சறுக்குபவர்களுக்கு. மழைக்காலத்தில் குப்பையும் அங்கேதான் ஒதுங்கும். சும்மா மிதக்க ஆசைப்படுகிறவர்களுக்கு பவளப்பாறை காவல் நிற்கும் சானூர் அல்லது நூசா துவா. மார்ச்சில் போவதாக இருந்தால் ந்யெபி, அதாவது பாலி இந்துக்களின் மௌன நாள், என்றைக்கு என்று பாருங்கள். அன்று முழுநாளும் விமான நிலையமே மூடியிருக்கும், சுற்றுலாப் பயணியும் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது. எனக்கு அது பிடிக்கும், அவ்வளவு நட்சத்திரத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி, அப்பாவுக்கு 74 வயது. அவர்களோடு போக எந்தத் தீவு?

தீவை விடுங்கள், எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும் என்று எண்ணுங்கள். விமானம், கார், படகு, மறுபடி கார் என்று நான்கு மாற்றம் இருந்தால் வேண்டாம். வேகப்படகு அலை மேல் குதித்துக் குதித்துப் போகும், முதுகுத்தண்டுக்கு ஆகாது. கட்டாயம் ஏற வேண்டுமென்றால் பின்பக்க இருக்கை, காலை நேரம். சில தீவுகளில் துறையே இல்லாமல் முழங்கால் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். விடுதிக்கு எழுதும்போது இதைக் கேளுங்கள்.

குன்றின் மேலிருந்து கடலைப் பார்க்கும் விடுதிகள் படத்தில் மயக்கும், கரைக்கு இருநூறு படி இருக்கும். பாலியின் உலுவாட்டு பக்கம் அப்படித்தான். பாலமோ விமானமோ நேராகப் போகிற தீவு, தரைத்தள அறை, வாசலில் சமதளம் என்று தேடுங்கள். லங்காவி, புக்கெட், மொரீஷியஸ் மூன்றும் இதற்கு ஒத்துவரும், மாதத்தை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஆகஸ்டில் மொரீஷியஸ். கிழக்குக் கரையில் நல்ல தள்ளுபடி கிடைக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

தள்ளுபடிக்குக் காரணம் காற்று. ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில் விடாமல் வீசும். மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக், வடக்கே கிராண்ட் பே பக்கம் ஒதுக்கமாக இருக்கும். பட்டம் கட்டி அலையில் பறப்பவர் நீங்கள் என்றால் கதையே வேறு, காற்றுதான் உங்களுக்கு வேண்டும்.

கேள்வி: ஐந்து நாளில் மூன்று தீவு பார்த்துவிட முடியுமா?

முடியும், படகுத் துறை மூன்றையும் நன்றாகப் பார்க்கலாம். ஒரு தீவு போதும். மிஞ்சினால் இரண்டு.

கேள்வி: தான்சானியாவின் ஸான்ஸிபார் தீவில் பாஜே கடற்கரைப் படங்கள் அபாரம். தேனிலவுக்கு அங்கேயே தங்கிவிடலாமா?

ஹேவ்லாக் கதையைப் பத்து மடங்காக்கினால் பாஜே. வற்றத்தில் கடல் அவ்வளவு தூரம் போய்விடும். அந்த வெளியில் பெண்கள் கடற்பாசி வளர்ப்பதைப் பார்க்க நடந்து போகலாம், அழகாகவே இருக்கும். நினைத்த நேரத்தில் குளிக்க வேண்டுமென்றால் வடக்கு முனையில் நுங்வி, கெண்ட்வா.

கேள்வி: தீவில் கடைசி இரவையும் கழித்துவிட்டு, மறுநாள் காலைப் படகில் வந்து மதிய விமானம் பிடிக்கலாம் என்று திட்டம். சரிதானே?

சரியில்லை. கடைசி இரவு விமான நிலையம் இருக்கிற பக்கத்தில்தான். சாதாரண ஓட்டல் போதும், பால்கனிகூட வேண்டாம். காற்று கொஞ்சம் பலத்தாலும் படகை நிறுத்திவிடுவார்கள், நிறுத்துவதுதான் நியாயமும். ஒருமுறை பெட்டியோடு துறையில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன். டிக்கெட் கொடுக்கிற பையன் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போனான். என் விமானம் எங்கள் தலைக்கு மேலேயே பறந்து போயிற்று. எந்தப் படகுக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அன்றைக்கு எந்தப் படகுமே போகவில்லை.