சிறப்புரைக்கு முன்னால் ஆலோசகர் அறையைப் பாருங்கள்

கேள்வி: பல்கலைக்கழகம் ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். அக்டோபர் 10 உலக மனநல நாளையொட்டி ஒரு வாரம் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக ஊர்வலம், வாசகப் போட்டி, ஒரு மருத்துவரின் சிறப்புரை என்று முடித்துவிடுவோம். ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரைத் தேடி மாணவர்கள் போவதில்லை. அண்மையில் ஒரு மாணவி என்னிடம் மனம்விட்டுப் பேசிவிட்டு, "வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க மேடம்" என்றாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. கையில் இருப்பது சிறு தொகைதான். உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில்: ஊர்வலத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். தட்டி பிடித்து நடப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை, பலனும் பெரிதாக இல்லை. மனச்சோர்வு, பதற்றம் என்றெல்லாம் உண்டு என்பது இன்றைய மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். நாள் முழுக்கக் கைபேசியில் அதைத்தானே பார்க்கிறார்கள். நம் வளாகத்தில் யாரிடம் போவது, எப்போது போவது, போனால் விஷயம் துறைத்தலைவர் காதுக்குப் போகுமா, வீட்டுக்குப் போன் போகுமா, இதுதான் அவர்களுக்குத் தெரியாது. இதற்கெல்லாம் நல்ல பதில் கையில் இல்லாமல் "தயங்காமல் உதவி கேளுங்கள்" என்று மேடையில் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆகவே முதல் வேலையாக ஆலோசகர் அறைக்குப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் அது நிர்வாகக் கட்டடத்தில், தேர்வுப் பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த வராந்தாவில் எப்போதும் கூட்டம். ஒரு மாணவன் அங்கே காத்திருந்தால் மாலைக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். வாசலில் ஒரு பதிவேடு வேறு: பெயர், துறை, பதிவு எண், வந்த காரணம்! நேரமோ காலை பத்து முதல் நான்கு, அதாவது வகுப்பு நேரம். வருகைப்பதிவு குறைந்துவிடுமோ என்று பயப்படுகிற பிள்ளை எப்படிப் போகும்? அறையை நூலகத்துக்கோ சுகாதார மையத்துக்கோ பக்கத்தில் மாற்றுவது, பதிவேட்டை எடுத்துவிட்டுக் கைபேசியில் நேரம் குறித்துக்கொள்ள வழி செய்வது, வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஆறரை வரை திறந்து வைப்பது, மூன்றுக்கும் பெரிய செலவில்லை. துணைவேந்தரின் கையெழுத்துதான் வேண்டும்.

அந்தக் கையெழுத்தை வாங்க உங்களிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கென்று வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள ஓர் ஆலோசகராவது இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும், உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. சுற்றறிக்கைக்குப் பதில் எழுதும்போது இதை மேற்கோள் காட்டுங்கள், கோப்பு நகரும்.

எண் என்றதும் 14416 நினைவுக்கு வர வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். பேனருக்கு ஒதுக்கிய பணத்தில் இந்த எண்ணை ஸ்டிக்கராக அடித்துக் கழிப்பறைக் கதவின் உட்பக்கம், மெஸ், கல்லூரிப் பேருந்து இருக்கையின் பின்புறம், ஹால் டிக்கெட்டின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் போடுங்கள். கழிப்பறைக் கதவு என்றதும் சிரிக்காதீர்கள். வேறு யாரும் பார்க்காமல் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ள வளாகத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை.

அந்த வாரத்தின் பெரும்பகுதியை மாணவர்களுக்கு அல்ல, ஊழியர்களுக்குக் கொடுங்கள் என்பேன். இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை முதலில் பார்ப்பவர் மனநல மருத்துவரா? வார்டன், காவலாளி, மெஸ் அக்கா, இவர்கள்தானே. பகலில் டியூட்டர். அப்புறம் கட்டணம் கட்ட முடியாமல் கவுன்டரில் தயங்கி நிற்பவரைப் பார்க்கும் அலுவலக உதவியாளர். இவர்களுக்கு அரைநாள் பயிற்சி போதும். மாவட்ட மனநலத் திட்டக் குழுவையோ அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையையோ கடிதம் எழுதி அழையுங்கள்.

பயிற்சியில் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேட்க வேண்டும்: "செத்துடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை. யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் முகத்தில் தெரியும். "ஆமாம்" என்று பதில் வந்தால் தனியாக விடக் கூடாது. "போய் ஆலோசகரைப் பார்" என்று அனுப்பாமல் கூடவே நடந்து போக வேண்டும். "ஒரு அரியருக்குப் போய் இப்படியா?" என்ற வசனத்தை மட்டும் எல்லாரும் மறந்துவிட்டால் நல்லது.

வேண்டாம் என்று சொல்ல இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கயிற்றோடு முடியும் அந்த மௌன நாடகம். ஆண்டுதோறும் ஏதாவதொரு கல்லூரி மேடையில் அதைப் பார்க்கிறேன், கைதட்டலும் பலமாக இருக்கிறது. தற்கொலை முறையையும் கடைசிக் கடிதத்தையும் விவரிப்பது ஏற்கெனவே நொந்திருப்பவரை அந்தப் பக்கம் தள்ளக்கூடும். ஊடகங்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். கல்லூரி மேடைக்கும் அது பொருந்தும். நெருக்கடியில் விழுந்து, உதவி கேட்டு, மெல்ல மீண்டு வந்த கதையை நடிக்கச் சொல்லுங்கள். சிகிச்சை எடுத்துத் தேறிய பழைய மாணவர் யாராவது தாமாக முன்வந்து அரைமணி நேரம் பேசினால் அது எந்தச் சிறப்புரைக்கும் மேல்.

இன்னொன்று, எல்லாருக்கும் கூகுள் படிவம் அனுப்பும் சர்வே. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்கியூ-9 வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வியே சாவு பற்றிய எண்ணத்தைத்தான் கேட்கிறது. நள்ளிரவில் ஒரு மாணவி அதற்கு "தினமும்" என்று குறித்தால், மறுநாள் காலையிலாவது அதை யார் பார்ப்பார்? பார்க்க ஆள் இல்லையென்றால் கேட்கவே கூடாது.

தேதி பற்றியும் ஒன்று. அக்டோபர் 10 நம் வசதிக்கான நாள். மாணவர்களுக்கு நெருக்கடி வருவது தேர்வு முடிவு வெளியாகும் மாலை, வருகைப்பதிவு குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டப்படும் நாள், வளாக நேர்காணலில் பெயர் வராத வாரம். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த முதலாண்டு மாணவர்களுக்கு முதல் இன்டர்னல் மதிப்பெண். இந்த நாட்களில் ஆலோசகர் கூடுதல் நேரம் இருக்கட்டும், வார்டன்கள் அறை அறையாக ஒரு சுற்றுப் போய் வரட்டும்.

இனி அந்த மாணவி. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முழு வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைக் கேட்காமல் யாரிடமும் பேச மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் ஒருவரிடம் சொல்வேன், அப்போதும் யாரிடம் சொல்லலாம் என்று உன்னைக் கேட்பேன்" என்று சொல்லுங்கள். மனநலச் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. பதினெட்டு வயது நிறைந்தவர் ஆலோசனைக்கு வந்தார் என்பதற்காக மட்டும் பெற்றோருக்குத் தகவல் போகக் கூடாது. இதற்கு விதிவிலக்குகள் எவை என்பதோடு சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதி, பதிவாளர் கையொப்பத்தோடு அறை வாசலில் ஒட்டுங்கள். சில வீடுகளில் விஷயம் தெரிந்த மறுநாளே படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். அவள் பயப்படுவதில் நியாயம் இருக்கலாம், வீட்டில் என்ன நடக்கும் என்று முதலில் அவளிடமே கேளுங்கள்.

துணைவேந்தரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதையெல்லாம் செய்தால் அடுத்த பருவத்தில் ஆலோசகரைப் பார்க்க வருபவர்கள் கூடுவார்கள். "நம் வளாகத்தில் பிரச்சினை பெருகிவிட்டது" என்று அப்போது யாராவது அறிக்கை எழுதக்கூடும். இரண்டாவது ஆலோசகர் பணியிடத்துக்கான கோப்பையும் இப்போதே போட்டுவிடுங்கள்.