டிராப் பார் வாங்கப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க

சென்னையில் டூரிங் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் டிராப் ஹேண்டில்பார் (ஆட்டுக் கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே வளையும் கைப்பிடி) பற்றிக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. திரும்பத் திரும்ப வரும் மூன்று சொற்களுக்கு மட்டும் முதலில் விளக்கம். மேல் கம்பியிலிருந்து வளைவு முன்னால் எவ்வளவு நீள்கிறது என்பது ரீச். மேல் கம்பியிலிருந்து கீழே எவ்வளவு இறங்குகிறது என்பது டிராப். கீழ்ப்பகுதி வெளிப்பக்கமாக விரியும் கோணம் ஃப்ளேர்.

கார்த்திக், வேளச்சேரி: அண்ணா, பார் அகலம் 44 செ.மீ. என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். வீட்டில் டேப் வைத்து அளந்தால் 42 வருகிறது. ஏமாந்துட்டேனா?

ஏமாறவில்லை தம்பி. சில கம்பெனிகள் குழாயின் நடுவிலிருந்து நடு வரைக்கும் அளப்பார்கள், சிலர் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை. டிராப் பார் குழாயின் தடிமன் 23.8 மி.மீ. அதனால் ஒரே பார் ஒருவர் கணக்கில் 42, இன்னொருவர் கணக்கில் 44. ஃப்ளேர் உள்ள பாரில் இன்னொரு குழப்பமும் உண்டு: ஹூட் (பிரேக் லீவரின் ரப்பர் பிடி) இடத்தில் 42 இருக்கும், கீழ் நுனியில் 48 இருக்கும். எந்த இடத்தில் எடுத்த அளவு என்று கேட்காமல் பணம் கொடுக்காதீங்க.

உங்களுக்கு எது சரி என்று பார்க்க, சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். தோள்பட்டையின் மேல் ஓரத்தில் எலும்பு முடியும் முனை கைக்குத் தட்டுப்படும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 40 செ.மீ. வந்தால், ஹூட்டில் நடு-நடு 40 அல்லது 42. டூரிங்குக்கு 2 செ.மீ. கூடுதல் தப்பில்லை, பாரம் ஏற்றிய வண்டியைத் திருப்ப உதவும். அதற்கு மேல் போனால் கழுத்தும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் வலிக்கும். மவுண்ட் ரோட்டில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழையும்போதும் அகலம் தெரியும்.

அப்துல், ராயபுரம்: 50 கி.மீ. தாண்டினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறது. பாரில் ஜெல் டேப் சுற்றினால் சரியாகுமா?

பாய், டேப் கடைசிப் படி. அந்த இரண்டு விரல்களுக்குப் போகும் அல்நார் நரம்பு, உள்ளங்கையின் சுண்டு விரல் பக்கத்து அடிமேட்டில், மேலாக ஓடுகிறது. உடம்பு எடை அங்கே ஊன்றி நின்றால் மரத்துப்போகும். எவ்வளவு மெத்தை போட்டாலும் எடை அங்கேதான் இருக்கிறது. அதை எடுக்க வேண்டும்.

காலியான ரோட்டில் ஒரே சீராக மிதித்துக்கொண்டே, ஹூட்டிலிருந்து இரண்டு கையையும் ஒரு செ.மீ. மட்டும் தூக்கிப் பாருங்கள். உடம்பு அப்படியே முன்னால் சரிந்தால், எடையைச் சுமப்பது உங்கள் கைதான். அப்போது இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் சீட். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் வழுக்கி வழுக்கிக் கையில் வந்து விழுவீர்கள். ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் பண்ணுங்கள். சீட் ரொம்ப முன்னால் தள்ளியிருந்தாலும் இதே கதை. 5 மி.மீ. பின்னால் தள்ளி இரண்டு ரைடு பாருங்கள்.

அடுத்தது பாரின் உயரம். பாரம் ஏற்றி நாள் முழுக்க ஓட்டுகிற வண்டியில் பார் சீட் மட்டத்திலேயே இருக்கலாம், ஒன்றிரண்டு செ.மீ. கீழே இருந்தாலும் பரவாயில்லை. பந்தய வண்டி படத்தைப் பார்த்து இறக்கிவிடாதீங்க.

அப்புறம்தான் எட்டும் தூரம். ஹூட்டைப் பிடித்திருக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். நீட்டி விறைத்தால் 10 அல்லது 20 மி.மீ. குட்டையான ஸ்டெம் (பாரை வண்டியோடு பிடித்திருக்கும் துண்டு) போடுங்கள். பார் மாற்றுவதைவிட அது மலிவு. புது பார் கேட்டு வருகிறவர்களில் நிறையப் பேருக்குத் தேவை வேறு ஸ்டெம்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகு டேப். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை இடத்தை மாற்றுவதும் முக்கியம். மேல் கம்பி, வளைவு, ஹூட், கீழே என்று நாலு இடம் இருப்பதுதானே டிராப் பாரின் பயனே? கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டு பின்னால் மடிந்து கிடக்கிறதா பாருங்கள். ரைடு முடிந்து நாலைந்து நாள் ஆகியும் போகவில்லை, சட்டை பட்டன் போட விரலில் தெம்பில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

சுமதி, தாம்பரம்: என் உயரம் 5 அடி 1 அங்குலம். கீழே பிடித்தால் பிரேக்கே எட்டவில்லை சார். பாரை மாற்றணுமா?

முதலில் லீவரைச் சரிசெய்து பாருங்கள். இப்போது வரும் லீவர்கள் பலவற்றில் பிடி தூரத்தைக் குறைக்கும் சின்ன ஸ்குரூ உண்டு. ஹூட் ரப்பரை மடக்கினாலோ லீவரின் பக்கவாட்டிலோ தெரியும். அதைத் திருகினால் லீவர் பாருக்கு அருகில் வரும். ஆனால் அங்கேயே நிறுத்திவிடக்கூடாது. லீவர் கிட்டே வந்ததால், முழுசாக அழுத்தும்போது பாரில் போய் முட்டலாம். கேபிளை இழுத்து, பிரேக் முன்கூட்டியே பிடிக்கும்படி வைத்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்க வேண்டும். கீழே பிடித்தபடி இரண்டு விரலின் முதல் கணு லீவரைத் தாண்டினால் போதும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது விரல் நுனியால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அப்படியும் எட்டவில்லையென்றால் பார் மாற்றலாம்: அகலம் 36 அல்லது 38, ரீச் 70 மி.மீ. பக்கம், டிராப் 115 முதல் 125. பழைய பாணி பாரில் ரீச் 90-ஐத் தாண்டும், டிராப் 140-க்கு மேல் போகும். அது உங்களுக்கு வேண்டாம். தடித்த டேப்பும் வேண்டாம், சின்னக் கைக்குப் பிடி இன்னும் கஷ்டமாகும்.

பிரவீன், அம்பத்தூர்: என்னிடம் ஹைப்ரிட் சைக்கிள் இருக்கு. ஃப்ளாட் பாரை (நேர் கம்பியை) கழற்றிவிட்டு டிராப் பார் போட எவ்வளவு ஆகும்?

பார் விலையை மட்டும் கணக்குப் போடாதீங்க தம்பி. ஃப்ளாட் பாரில் கைப்பிடி இடம் 22.2 மி.மீ., டிராப் பாரில் 23.8. இருக்கும் பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் அதில் ஏறாது.

வி-பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் இறுக்கும் நீளக் கை பிரேக்) என்றால் அடுத்த சிக்கல். சாதாரண டிராப் லீவர் இழுக்கும் கேபிள் அளவு வி-பிரேக்குக்குப் போதாது. பிரேக் கட்டை ரிம்மைத் தொடும் முன்பே லீவர் பாரில் முட்டும். கட்டையை ரிம்முக்கு ஒட்டி வைத்தால், சக்கரம் துளி கோணினாலும் உரசும். வி-பிரேக்குக்கென்றே வரும் டிராப் லீவர் வாங்கணும், இல்லையென்றால் பிரேக்கின் கைகள் குட்டையாக உள்ள மினி வி-பிரேக். ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் லீவரோடு சேர்த்து எல்லாம் புதுசு.

கியரில், ஷிமானோ 8, 9 ஸ்பீடு என்றால் ரோடு ஷிஃப்டரும் மலைச் சைக்கிள் பின் டீரெய்லரும் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) ஒத்துப்போகும். 10-லிருந்து ஒத்துப்போகாது. முன் டீரெய்லர் எப்படியும் தகராறு பண்ணும்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். ஃப்ளாட் பாருக்கான ஃப்ரேமில் மேல் குழாய் நீளம். அதில் டிராப் பார் போட்டால் கை 8 முதல் 10 செ.மீ. முன்னால் போகும். 50 மி.மீ. ஸ்டெம் போட்டும் எட்டாமல் தவிப்பவர்கள் உண்டு. என் யோசனை: பட்டாம்பூச்சி பார் எனப்படும் வளைந்த டூரிங் பார் வாங்குங்கள். அதுவும் 22.2 மி.மீ.தான். இருக்கும் லீவரே ஏறும், கை வைக்க நாலைந்து இடம் கிடைக்கும்.

ஜோசப், பெரம்பூர்: பழைய ஸ்டீல் வண்டி, ஸ்டெம் பிடி 25.4. கையில் இருக்கும் பார் 26. இறுக்கிவிடலாமா?

கூடாது. பாரின் நடுத்தடிமன் பெரும்பாலும் 25.4, 26.0, 31.8 மி.மீ. என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். பெரிய பிடிக்குள் சின்ன பாரை அதற்கென்று செய்த ஷிம் (இடைவெளியை நிரப்பும் வளையத் தகடு) வைத்துப் போடலாம். சின்ன பிடிக்குள் பெரிய பாரை நெம்பி நுழைத்தால் ஸ்டெம் விரியும், ஒருநாள் விரிசல் விடும். கூல்டிரிங்ஸ் கேன் தகட்டை வெட்டி ஷிம்மாக வைக்கும் வித்தை, பள்ளத்தில் இறங்கும் ஒரே அடியில் பார் சுழல்வதில் முடியும்.

நிவேதா, திருவான்மியூர்: கிராவல் பார் என்று 25 டிகிரி ஃப்ளேர் உள்ளது வருகிறதே, டூரிங்குக்கு நல்லதா?

மண் ரோட்டில் நல்லது. தார் ரோட்டில் ஹூட்டும் சேர்ந்து சாய்ந்துகொள்வதால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். 8 முதல் 12 டிகிரி போதும். கீழே பிடிக்கும்போது முன்கை மேல் கம்பியில் இடிக்காது, ஹேண்டிலில் மாட்டும் பைக்கும் இடம் கிடைக்கும். அலுமினியமே வாங்குங்கள். பையின் கிளாம்ப், லைட் எல்லாம் இறுக்கும் இடத்தில் கார்பன் பார் தேவையில்லாத கவலை.

தினேஷ், பல்லாவரம்: ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி போய்வர டிராப் பார் அவசியமா?

அவசியமில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று. போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது மரக்காணத்திலிருந்து முகத்தில் அடிக்கும். அப்போது கீழே குனிந்து பிடிக்க இடம் இருந்தால் அருமை தெரியும். அரை மணிகூட கீழே பிடிக்க முடியாத அளவு பார் தாழ்ந்திருந்தால், பாதிப் பாருக்குக் காசு கொடுத்துச் சும்மா வைத்திருக்கிறீர்கள்.

மீனா, மயிலாப்பூர்: பார் வாங்கியாச்சு. நானே பொருத்தி டேப் சுற்றணும். எப்படி?

ஸ்டெம் முன்மூடியின் நாலு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, கால் கால் திருகாக இறுக்குங்கள். மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவு இருக்கணும். எவ்வளவு முறுக்கு என்று ஸ்டெம்மிலேயே போட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். கிரீஸ் போல்ட் மரைக்கு மட்டும், பிடிக்குள் வேண்டாம். வளைவும் ஹூட்டும் சேரும் இடத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். பள்ளம் இல்லாமல் ஒரே மட்டமாக வந்தால் மணிக்கட்டு நேராக இருக்கும். டேப் சுற்றும் முன் இரண்டு மூன்று ரைடு போய் லீவர் இடத்தை உறுதிப்படுத்துங்கள். சுற்றிய பிறகு நகர்த்த வேண்டி வந்தால் அழுகைதான்.

டேப்பைக் கீழ் நுனியில் ஆரம்பியுங்கள். பாதி அகலம் வெளியே நீட்டியிருக்கட்டும், அதைக் குழாய்க்குள் மடக்கிவிட்டு மூடி போடுவோம். பின்னால் நின்று பார்த்தால் வலது பக்கம் கடிகார முள் திசையில், இடது பக்கம் எதிர்த்திசையில் சுற்றுங்கள். கீழே பிடிக்கும்போது கை வெளிப்பக்கமாகத்தான் முறுக்கும், அது டேப்பை இறுக்கும், அவிழ்க்காது. மூன்றில் ஒரு பங்கு மேலேறும்படி, விறைப்பாக இழுத்தபடியே போங்கள். லீவர் கிளாம்ப்பின் பின்னால் 8 செ.மீ. துண்டு ஒன்றை முதலிலேயே ஒட்டிவிட்டால் இடைவெளி தெரியாது. லீவர் இடத்தில் எட்டு வடிவில் சுற்றித் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்: மேல் கம்பியில், முன்னாலிருந்து மேலே ஏறி உங்களை நோக்கி வரும்படி சுற்று அமையணும். முடிவில் டேப்பைச் சாய்வாக வெட்டி, இன்சுலேஷன் டேப்பால் கட்டுங்கள்.

நம்ம ஊர் வியர்வைக்கு கார்க் டேப் சரிப்படாது. உறிஞ்சிக்கொண்டு நாறும், பிய்யும். ஈரத்துணியால் துடைக்கக்கூடிய பாலியூரித்தேன் டேப் வாங்குங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வியர்வை உப்பும் கடல் காற்றும் சேர்ந்து உள்ளே அலுமினியத்தை அரிக்கும். வெள்ளைப் பொடி மட்டும் என்றால் துடைத்துவிட்டுச் சுற்றலாம். குழி விழுந்து நகம் தட்டினால், அந்த பார் வேண்டாம். நுனி மூடி இல்லாமல் மட்டும் வண்டியை வெளியே எடுக்காதீங்க. விழுந்தால் அந்தத் திறந்த குழாய் வயிற்றில் வட்டமாக வெட்டும். தொலைந்துபோனால் கடை திறக்கும்வரை பாட்டில் தக்கை ஒன்றைச் செதுக்கி அடித்துவிடுங்கள்.