‘உதவினார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள்: ராணுவ வழங்கல் பணியில் பெண்கள் – கேள்வி பதில்

ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மகளிர் தின விழாவில் பேச வேண்டும். 6888 தபால் பட்டாலியனைப் பற்றிச் சொல்லச் சொல்கிறார்கள். கடிதம் பிரிப்பது அவ்வளவு பெரிய வேலையா மேடம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள், தெரியும். 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு வந்திறங்கிய அமெரிக்கப் படைப்பிரிவு இது. மொத்தம் 855 பெண்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தலைமை மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு வந்து கிடங்குகளில் தேங்கிக் கிடந்தவை சுமார் 1.7 கோடி தபால்கள்.

எண்ணிக்கையைவிட முகவரிதான் தலைவலி. படைகள் நகர்ந்துகொண்டே இருந்ததால், உறையில் எழுதிய முகவரி வந்து சேர்வதற்குள் பழசாகிவிடும். சில உறைகளில் செல்லப்பெயர் மட்டும் இருக்கும். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரிலேயே 7,500 பேர் இருந்தார்கள். அதனால் யார் எங்கே இருக்கிறார் என்று குறித்த சுமார் 70 லட்சம் அட்டைகளைப் பராமரித்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் ராணுவ எண்ணை வைத்து ஆளைப் பிரித்தார்கள். ஆள் இடம் மாறினால் அட்டையும் மாற வேண்டும். அட்டை ஒருநாள் பிந்தினாலும் கடிதம் பழைய முகாமுக்குப் போய்த் திரும்பி வரும்.

நாளுக்கு 3 ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு சுமார் 65,000 தபால். அதாவது நாளுக்கு 1,95,000. 1.7 கோடியை இதால் வகுத்தால் 87 நாள். ஆறு மாதக் கெடு கொடுத்த வேலை மூன்று மாதத்தில் முடிந்தது என்பார்கள். கணக்கும் அதையே சொல்கிறது. கணப்பு இல்லாத கட்டடம், விமானத் தாக்குதலுக்குப் பயந்து கருப்படித்த ஜன்னல், பார்சலில் கெட்டுப்போன பலகாரத்துக்கு வந்த எலிகள் எல்லாம் இதற்கு நடுவில்தான். பேச்சில் ‘மன உறுதி’ என்ற சொல்லைக் குறைத்து அட்டையைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு செய்தவர்களுக்கு மரியாதை கிடைக்க ஏன் இத்தனை வருஷம்?

நிறவெறியும் ஆண் திமிரும் காரணம்தான். ஆனால் வேறு சில பிரிவுகளில் அவை வேலை செய்த வழி ஒரு காகிதம்: ‘ராணுவத்தினர்’ என்றா பதிவு, ‘சிவிலியன்’ என்றா? முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன 200-க்கும் மேற்பட்ட அமெரிக்கத் தொலைபேசி இணைப்பகப் பெண்கள் உறுதிமொழி எடுத்தவர்கள், சீருடை அணிந்தவர்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசி போர்முனை அழைப்புகளை இணைத்தார்கள். ஊர் திரும்பியதும் ‘நீங்கள் சிவிலியன்கள்’ என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களைக் கொண்டுசேர்த்த, வாஸ்ப் (WASP) என்ற அமெரிக்க அமைப்பின் பெண் விமானிகளுக்கும் அதே கதிதான். பயிற்சி முடித்தவர்கள் 1,074 பேர், பணியில் இறந்தவர்கள் 38 பேர். சிவிலியன் என்பதால் சவப்பெட்டிக்குக் கொடி கிடையாது. உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் பணம் வசூலித்தார்கள். இரு பிரிவினருக்கும் முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதிக்கு வழி திறந்தது 1977-ம் ஆண்டுச் சட்டம். நாடாளுமன்றத் தங்கப்பதக்கத்துக்கான சட்டம் வாஸ்புக்கு 2009-லும், 6888-க்கு 2022-லும், தொலைபேசிப் பெண்களுக்கு 2024-லும் வந்தது. கடைசிப் பிரிவில் அதைப் பார்க்க யாரும் உயிரோடு இல்லை.

எந்த நாட்டுப் படைப்பிரிவை எடுத்தாலும் முதலில் இந்தப் பதிவு வகையைத் தேடுங்கள். ஓய்வூதியம், கல்லறை, பதக்கம் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கேள்வி: பாராசூட் மடிப்பது தையல் வேலை மாதிரிதானே?

இல்லை. நீளமான மேசையில் குடையின் உச்சியை ஒரு முனையில் மாட்டி, கயிறுகளை மறு முனைக்கு இழுத்துக் கட்டுவார்கள். துணிப் பட்டைகளை ஒவ்வொன்றாகச் சமமாக இருபுறமும் மடித்து, மடிப்பு நழுவாமல் எடைப் பைகளை வைப்பார்கள். பிறகு கயிறுகளை வளைத்து வளைத்துச் செருக வேண்டும். ஒரு கயிறு குடைக்கு மேலே சுற்றிக்கொண்டால் குடை இரண்டு மேடாகப் பிதுங்கும், இறங்கும் வேகம் கூடிவிடும். பட்டில் ஈரம் இருந்தால் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். அதற்காகவே உயரமான அறைகளில் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். கடைசியில் எடைப் பைகளையும் கருவிகளையும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது பையின் உள்ளே இருக்கலாம். பிறகு தேதியும் மடித்தவர் கையெழுத்தும் உள்ள அட்டை. பொறுப்பு யாருடையது என்பது அந்தக் கையெழுத்தில் இருக்கிறது.

கேள்வி: பிரிட்டனில் பெண்கள் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டினார்களாமே, உண்மையா?

உண்மை. ஆனால் சண்டைக்கு இல்லை. தொழிற்சாலையிலிருந்து விமானத் தளத்துக்குக் கொண்டுசேர்க்க. இரண்டாம் உலகப் போரில் இயங்கிய ஏடிஏ (விமானப் போக்குவரத்துத் துணை அமைப்பு) அது. ரேடியோ இல்லாமல், மேகத்துக்குக் கீழே, வரைபடத்தையும் தரையையும் பார்த்தே ஓட்டினார்கள். விமானங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து அனுமதி தந்தார்கள். ஒரு வகுப்பில் தேறியவர் அதில் எந்த ரகத்தையும் ஓட்டலாம், அதற்கு முன் அதைத் தொட்டே இருக்காவிட்டாலும். கையடக்கக் குறிப்பட்டைக் கொத்து ஒன்றில் ஒவ்வொரு ரகத்துக்கும் வேகம், சக்கரம் இறக்கும் முறை எல்லாம் சுருக்கமாக இருக்கும். 1943-ல் ஆண்களுக்குச் சமமான சம்பளமும் பெற்றார்கள்.

கேள்வி: ஜான்சி ராணி படையையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

கவனமாகச் சேர்க்கலாம். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவு அது. 1943-ல் சிங்கப்பூரில் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் உருவானபோது அது சண்டைப் படையாகவே பயிற்சி பெற்றது. மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள் அதில் நிறையப் பேர். பர்மாவில் போர்முனைத் தாக்குதல் அவர்களுக்கு வாய்க்கவில்லை. காயப்பட்டவர்களைப் பராமரிப்பதே பெரும் வேலையானது. இரண்டையும் எழுதுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கேள்வி: கண்காட்சிப் பலகைக்கு எவ்வளவு எழுதலாம்? வீட்டில் பழைய படங்களும் இருக்கின்றன.

ஒரு பலகைக்கு 60 முதல் 80 சொல் போதும். அதற்கு மேல் நின்று படிக்க மாட்டார்கள். என்ன வேலை, எவ்வளவு, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்பவை கட்டாயம். ‘சேவையாற்றினார்’ என்ற வினையை எடுத்துவிட்டு ‘பிரித்தார்’, ‘மடித்தார்’, ‘ஓட்டினார்’ என்று போடுங்கள்.

அசல் படத்தைச் சுவரில் மாட்டாதீர்கள், வெளிச்சத்தில் மங்கும். 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து நகலை மாட்டுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெயர் தெரியாத படத்தில் கைப்பட்டியையும் தொப்பிச் சின்னத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால் பிரிவைக் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. கணினியில் வண்ணம் ஏற்றினால் சீருடை நிறம் தவறாக விழும், பிரிவும் மாறித் தெரியும். கருப்பு வெள்ளையாகவே விட்டுவிடுங்கள்.