மூன்று பேர், ஒரே குற்றம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மரண தண்டனை செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் விசாரித்த பச்சன் சிங் வழக்கில் நீதிபதி பகவதி மட்டும் தனித்து நின்று அது செல்லாது என்றதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். சட்டப்படியான நடைமுறை மூலம் உயிரைப் பறிக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவிலேயே இருக்கிறதே? ஒரு நீதிபதி தன் இரக்கத்தைச் சாசனத்தின் மேல் ஏற்றலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

இருக்கிறதுதான். 1980இல் மற்ற நான்கு நீதிபதிகளும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்கவேண்டும், மனம்போன போக்கில் இருக்கக்கூடாது என்று 1978லேயே மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பகவதி நின்றது அங்கே. ஆயுளா தூக்கா என்று முடிவுசெய்ய நீதிபதிக்குச் சட்டம் எந்த அளவுகோலும் தரவில்லை, ‘சிறப்புக் காரணங்களை’ எழுது என்கிறது, அவ்வளவுதான்; அப்படியானால் வழக்கு எந்த பெஞ்சுக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒருவனுடைய உயிர், அது 14ஆம் பிரிவின் சமத்துவத்துக்கும் எதிரானது என்றார். இதில் இரக்கம் எங்கே வந்தது? (விரிவான காரணங்களை அவர் வெளியிட்டது 1982 ஆகஸ்டில். உபதேசம் மாதிரி நீளும் பக்கங்களும் அதில் உண்டு, எனக்கு அவை ஒட்டவில்லை.)

ஹர்பன்ஸ் சிங் வழக்கை எடுத்துப் பாருங்கள். ஒரே கொலை வழக்கு, மூன்று பேருக்கும் தூக்கு. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒருவருக்கு ஆயுளாகக் குறைந்தது. இன்னொருவர் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தொங்கவேண்டிய மூன்றாமவர் ரிட் மனு போட்டுத் தடை வாங்கினார், அப்புறம் அவருடைய தண்டனையைக் குறைக்கும்படி நீதிமன்றமே குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. செத்துப்போனவர் மறு ஆய்வு மனு போடவில்லை.

சரி, அரிதிலும் அரிதான வழக்குகளில் மட்டும்தான் தூக்கு என்று பச்சன் சிங் தீர்ப்பு வகுத்த ‘அரிதிலும் அரிது’ விதி வந்தபின் எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்பீர்கள். 1996 மே மாதம் ராஜஸ்தானில் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். குற்றத்தைப் பார்த்தால் போதும், குற்றவாளியின் நிலையைப் பார்க்கவேண்டியதில்லை என்ற ரீதியில் உறுதிசெய்யப்பட்ட தண்டனை அது. அந்தத் தீர்ப்பு பச்சன் சிங் தீர்ப்புக்கே முரணானது என்று 2009இல் பரியார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது, பதிமூன்று வருடம் கழித்து.

பகவதி இல்லை என்று சொன்ன அந்த அளவுகோல் இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், இந்த இரண்டு வழக்குகளிலும் அது எது என்று எழுதுங்கள், வெளியிடுகிறேன்.