ஹைலக்ஸுக்கு ஸ்கிட் பிளேட் செஞ்சு விக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன் அண்ணே, பத்து வருசமா வெல்டிங் வேலை, கையில 15,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. ஃபோர் பை ஃபோர் வண்டிக்கு புல் பார், ஸ்கிட் பிளேட், சைட் ஸ்டெப் எல்லாம் சொந்தமா செஞ்சு விக்க ஆசை. எங்கேருந்து ஆரம்பிக்க?

தம்பி, எல்லாத்தையும் ஒண்ணா தொடாதீங்க. ஒரே வண்டி, அது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பா இருக்கட்டும், ஒரே சாமான், அது ஸ்கிட் பிளேட்டா இருக்கட்டும், அதாவது எஞ்சின் அடியில கல்லு அடிபடாம மாட்டுற தகடு. புல் பார், அதாவது முன்பக்கம் மாட்டுற இரும்புக் கம்பிச் சட்டம், இப்ப வேணாம், வண்டி முன்பக்கத்தையே மாத்துற வேலை அது, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி இல்லாம மாட்டினா ரோட் பிளாக்ல சம்மன் உங்க கஸ்டமருக்குத்தான், அதோட வண்டி மோதினா ஏர்பேக் சென்சாரையும் அது குழப்பலாம்.

தகடு எவ்ளோ கனம்னுதான் எல்லாரும் முதல்ல கேப்பாங்க. 3 மில்லி இரும்பு ஒரு சதுர மீட்டர் சுமார் 23.5 கிலோ, 6 மில்லி அலுமினியம் 16 கிலோதான். ஆனா பாறையில உரசும்போது அலுமினியம் கவ்விக்கும், இரும்பு வழுக்கிட்டுப் போயிடும், விலையும் குறைவு, நெளிஞ்சா சுத்தியலால தட்டி நிமித்திக்கலாம். இரும்புல ஆரம்பிங்க. பின்னாடி அலுமினியத்துக்குப் போனா 5052-ங்கிற ரகத்தக் கேளுங்க, 6061 டி6 ரகம் மடிக்கிற இடத்துல விரிசல் விட்டுடும்.

நான் செஞ்ச முதல் பிளேட்டுல எண்ணெய் இறக்குற போல்ட்டுக்கு ஓட்டை விடல. ஒவ்வொரு சர்வீஸுக்கும் எட்டு போல்ட் கழட்டணும், மூணாவது சர்வீஸுல மெக்கானிக் பிளேட்ட திருப்பி மாட்டவே இல்ல, கஸ்டமர் அத கொண்டாந்து என் பட்டறை வாசல்ல இறக்கிட்டுப் போயிட்டாரு. இப்ப நினைச்சாலும் மனசு வலிக்குது. அதனால அட்டைப்பெட்டிய வெட்டி எடுத்துட்டு வண்டிக்கு அடியில படுங்க, சேசிஸ்ல ஏற்கனவே இருக்கிற ஓட்டைய மட்டும் வெச்சு அளவெடுங்க, புதுசா துளை போட்டா வாரண்டி சண்டை வரும். போல்ட் தலை தகட்டுக்குள்ள பதிஞ்சிருக்கணும், துருத்திட்டு இருந்தா கல்லுல தேஞ்சு அப்புறம் ஸ்பேனரே பிடிக்காது. அப்புறம் சேறு. செம்பனைத் தோட்டத்து சேறு தகடு மேல ஏறி உக்காந்தா சிமெண்ட் மாதிரி இறுகிடும், காஞ்ச புல்லு சேந்து எக்ஸாஸ்ட் குழாய்கிட்ட அடைச்சா தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கு, தண்ணி பீச்சிக் கழுவவும் காத்து போகவும் ஓட்டை விட்டே ஆகணும்.

லேசர் மெஷின், மடிக்கிற பிரஸ் எதையும் வாங்காதீங்க, பாலாக்கோங் பக்கம் கூலிக்கு வெட்டி மடிச்சுக் குடுக்கிற பட்டறை இருக்கு. விலை போடும்போது தகடு, கூலி, பெயிண்டு, போல்ட் இதோட கெட்டுப்போற தகட்டையும் உங்க சொந்த உழைப்பையும் சேத்துக்குங்க, நம்ம ஆளுங்க அதத்தான் விட்டுடறாங்க.

தொழில் பதிவு பண்ற எஸ்எஸ்எம்ல சொந்தப் பேர்ல பதிஞ்சா வருசத்துக்கு 30 வெள்ளி, கடைப் பேர் வெச்சா 60, ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள பதிஞ்சிடுங்க. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசல்ல வெல்டிங் வேணாம், பக்கத்து வீட்டுக்காரங்க மாநகராட்சி டிபிகேஎல்ல புகார் குடுத்தா வேலையே நின்னுடும், லைசென்ஸ் உள்ள பட்டறையில ஒரு மூலைய வாடகைக்கு எடுங்க. காசு பத்தலன்னா சிறுதொழிலுக்குக் கடன் குடுக்கிற அரசு அமைப்பு தெக்குன்ல நம்ம இந்தியர்களுக்குன்னே ஸ்பூமி கடன் இருக்கு, ஆனா கையில ஆர்டர் வந்தப்புறம் போங்க.

முதல் பிளேட்ட தினமும் தோட்டத்துக்குப் போய் வர்ற ஒருத்தரோட ஹைலக்ஸ்ல மாட்டிட்டு ஒரு மாசம் கழிச்சு நீங்களே கழட்டிப் பாருங்க, எங்க உரசியிருக்கு, எங்க சேறு அடைச்சிருக்கு, எந்த போல்ட் லூசாயிருக்குன்னு பாத்துட்டு அப்புறம் ரெண்டாவது பிளேட்ட வெட்டுங்க.