பத்திரிகையில் 'டாக்டர்' போடலாமா?

கேள்வி: என் மகள் தாவரவியலில் பிஎச்.டி. முடித்திருக்கிறாள். வருகிற தையில் கல்யாணம். பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டால், "பொண்ணு எந்த ஆஸ்பத்திரி?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்று சம்பந்தி வீட்டில் தயங்குகிறார்கள். 'டாக்டரேட்' என்று போட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. டாக்டரேட் என்பது பட்டத்தின் பெயர். அதை வாங்கியவர் டாக்டர். 'மகள் டாக்டரேட் வாங்கியிருக்கிறாள்' என்று தாராளமாகச் சொல்லுங்கள். 'மகள் ஒரு டாக்டரேட்' என்பது பிழை. என் வகுப்பில் முப்பது வருடம் திருத்திய பிழை இது.

டாக்டர் என்று போட உங்கள் மகளுக்கு முழு உரிமை உண்டு. லத்தீனில் 'டொகேரே' என்றால் கற்பித்தல். அதில் பிறந்த 'டாக்டர்' முதலில் ஆசிரியரைத்தான் குறித்தது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இறையியல், சட்டம், மருத்துவம் எதிலானாலும் உயர்பட்டம் பெற்றவர் டாக்டர்தான். மருத்துவருக்கே உரிய சொல்லாக மக்கள் வாயில் அது நிலைத்தது பிற்பாடு. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். இளநிலைப் பட்டம், அதை முடித்தவரை டாக்டர் என்பது மரியாதை வழக்கு. உயிர் காப்பவருக்கு அந்த மரியாதை தகும். ஆனால் அதற்காக ஆய்வு செய்தவள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

நான் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யக் கொடுத்த காலத்தில் கணினி கிடையாது. கார்பன் தாள் வைத்து அடித்த பிரதிகளில் ஒவ்வொரு பக்கமாகப் பிழை திருத்தினேன். வாய்மொழித் தேர்வு முடிந்ததும், ஐந்து வருடம் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட்ட நெறியாளர் எழுந்து நின்று, "வாங்க டாக்டர்" என்றார். வாசலில் நின்றிருந்த அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெசவுக்காரர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். உங்கள் மகளும் அப்படி ஒரு நாளைக் கடந்துதான் வந்திருப்பாள். அதைப் பத்திரிகையில் மறைக்காதீர்கள்.

குழப்பம் வரக் கூடாது என்றால் தமிழிலேயே வழி இருக்கிறது: 'முனைவர்' என்று அச்சிடுங்கள். முதல் நூலைக் கண்டவனைத் தொல்காப்பிய மரபியல் 'முனைவன்' என்கிறது. ஆய்வேட்டிலும் முதலில் கேட்பது அதைத்தானே: இதற்கு முன் யாரும் சொல்லாத எதை நீ கண்டு சொன்னாய்? பிஎச்.டி.க்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் மட்டும் போதாது, வாய்மொழித் தேர்வு முடிந்து பல்கலைக்கழகம் பட்டத்தை அறிவித்திருக்க வேண்டும். பெயருக்கு முன்னால் முனைவர் வந்துவிட்டால் பின்னால் பிஎச்.டி. தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டில் மருத்துவர் யாராவது இருந்தால் அவர் பெயருக்கு முன்னால் 'மருத்துவர்' என்றே போடச் சொல்லுங்கள்.